தாது வருஷப் பஞ்சம்: ஒரு கேமராவும் ஒரு டாக்டரும்

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் வயசானவங்க "தாது வருஷம்"னு சொன்னா அது வெறும் வருஷப் பேர் இல்லை. 1876-78 பெரும் பஞ்சம். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் எல்லாம் சேர்த்து 50 லட்சம் பேருக்கு மேல் செத்தாங்க. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

நம்ம பகுதி அப்போ மதுரை ஜில்லாவில், ராமநாதபுரம் ஜமீனுக்குள்ள இருந்தது. கண்மாய் நிறைஞ்சா சோறு, இல்லன்னா இல்லை. மழை பொய்த்ததும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மன்னார் வழியா கண்டி காப்பித் தோட்டங்களுக்குப் போனது இந்த வருஷங்களில்தான்.

இந்தப் பஞ்சத்தோட போட்டோக்களை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. விலா எலும்பு எண்ணக்கூடிய மாதிரி ஒரு குடும்பம், வரிசையா உட்கார்ந்து லென்ஸைப் பார்க்கும். வாட்ஸப்பில் "வங்காளப் பஞ்சம் 1943"னு தப்பான தலைப்போட சுத்துது. எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி.

ஒரு டாக்டரா அந்தப் படங்களைப் பார்த்தா நோயறிதலே செய்யலாம். தொடைத் தசை கரைஞ்சு முழங்கால் முட்டு மட்டும் பெருசா தெரியுது, குழந்தை முகம் கிழவன் முகமா இருக்கு. மராஸ்மஸ் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டாம். ஆனா ஒருத்தர் பேர்கூட இல்லை. "இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்" என்கிற மாதிரி தலைப்புதான் இருக்கு. அந்தக் காலக் கேமராவுக்கு அசையாம இருக்கணும். அதாவது யாரோ அவங்களைக் கூட்டி வந்து, வரிசைப்படுத்தி, "அசையாதே"ன்னு சொல்லியிருக்காங்க.

அப்போ பத்திரிகையில் போட்டோவை அப்படியே அச்சடிக்க முடியாது. போட்டோவைப் பார்த்துச் செதுக்கின படங்கள்தான் 1877-ல் லண்டன் படப் பத்திரிகைகளில் வந்தது. அதே ஆகஸ்டில் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயரிடம் உதவி கேட்டார். மேன்ஷன் ஹவுஸ் நிதிக்கு லட்சக்கணக்கான பவுண்டு சேர்ந்தது. முகம் தெரிஞ்சா மனசு இளகும், பணப்பை திறக்கும். இதை நான் குறையா சொல்லலை. அந்தப் பணம் கஞ்சியாவும் விதைநெல்லாவும் நம்ம ஊர்களுக்கு வந்திருக்கு.

இப்போ இன்னொரு ஆள். மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைச்சார்: ஒரு ஆம்பளைக்கு நாளுக்கு 1 பவுண்டு தானியம், 1 அணா. 450 கிராம் அரிசின்னா சுமார் 1,600 கலோரி. அதுல கல்லு உடைக்கணும், மண்ணு சுமக்கணும்! (இதே டெம்பிள்தான் 1873-74 பீகார் பஞ்சத்தில் அதிகம் செலவழிச்சார்னு திட்டு வாங்கினவர். அதுக்குப் பிறகு கஞ்சனா மாறிட்டார்.) கார்னிஷ் விடலை. இந்த அளவில் உடம்பு தாங்காது, பருப்பும் வேணும்னு எழுதி எழுதிச் சண்டை போட்டார். மார்ச்சிலேயே அளவு ஒன்னேகால் பவுண்டாச்சு, பருப்பும் சேர்ந்தது. லண்டனில் உண்டியல் குலுங்குறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி.

அரசாங்கத்தை அசைச்சது டாக்டரோட கணக்கு, பொதுமக்களை அசைச்சது படம். ரெண்டும் வேணும். 1943 ஆகஸ்ட் 22 அன்னைக்கு 'தி ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் கல்கத்தா தெருவில் சாகிறவங்க படங்களைப் போட்டபோது, அரசாங்கம் மூடி மறைச்ச பஞ்சம் உலகத்துக்குத் தெரிஞ்சுது. அங்கே கணக்கைவிட படம்தான் முந்திச்சு.

ஹூப்பரோட பிற்காலக் கதை வேற மாதிரி. 1886-ல் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படம் பிடிச்சதுக்கு அவர் மேல விசாரணையே நடந்தது. நாடாளுமன்றம் வரைக்கும் போச்சு.

இது பழைய கதை இல்லை. வீரசோழன் பக்கம் ஒரு இலவசக் கண் முகாமில், புரை ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்த பாட்டியை, நன்கொடை தர்றவங்களுக்கு அனுப்பணும்னு கொஞ்சம் சோகமா உட்காரச் சொன்னாங்க. பாட்டி கேட்டாங்க, "எதுக்குய்யா, நான் நல்லாத்தான இருக்கேன்?"

முகாம் நடத்துற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடிவான பிறகு படம் கேளுங்க, முன்னாடி கேட்டா அது சம்மதம் இல்லை, பயம். எடுத்ததை அவங்ககிட்ட காட்டுங்க. வேண்டாம்னா அங்கேயே அழிச்சிடுங்க. முகம் தெரியிற குழந்தைப் படத்தை க்யூஆர் கோடு பக்கத்துல ஒட்டாதீங்க. அது பெரிய பிள்ளையானப்புறமும் இணையத்தில் இருக்கும்.

உங்க வீட்டில் தாது வருஷத்தைப் பத்தி யாராவது சொன்ன கதை இருந்தா, ஊர் பேரோட கமெண்டில் எழுதுங்க. கண்டிக்குப் போனவங்க பேர் தெரிஞ்சா அதையும்.