வான்படையின் விரைவு நகர்வும் வழங்கல் திட்டமிடலும்

போர் விமானம் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு ஒரே நாளில் போய் இறங்கிவிடும். அதற்கு வேண்டிய எரிபொருள், குண்டு, உதிரிபாகம், கூடாரம், குடிநீர் எல்லாம் அதே வேகத்தில் வந்து சேர்வதில்லை. இந்த இடைவெளியை அடைக்கும் முன்னேற்பாடே வழங்கல் திட்டமிடல். எதை விமானத்தோடு அனுப்புவது, எதை முன்னதாகவே கொண்டுபோய் வைப்பது, எதைப் போன இடத்தில் வாங்கிக்கொள்வது என்பவையே தொடக்கம் முதல் இதன் அடிப்படைக் கேள்விகள்.

இரண்டாம் உலகப் போரில் ஓடுபாதையே சரக்காயிற்று. 1941 நவம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மார்ஸ்டன் என்ற ஊருக்கருகே சோதித்துப் பார்க்கப்பட்ட எஃகுத் தகடு அந்த ஊரின் பெயரையே பெற்றது. 10 அடி நீளம், 15 அங்குல அகலம், ஏறத்தாழ 30 கிலோ எடை, எடையைக் குறைக்க 87 துளைகள். ஒரு தகட்டின் விளிம்புக் கொக்கியை அடுத்த தகட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டே போனால் சேற்று நிலமும் விமானம் தாங்கும்.

பசிபிக்கிலுள்ள குவாடல்கனால் தீவின் ஹெண்டர்சன் விமானக் களத்தில், அமெரிக்கக் கடற்படைக் கட்டுமானப் பிரிவினரான சீபீஸ், ஒரு குண்டுக் குழி நிரம்ப எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்கிட்டு லாரிகளில் முன்கூட்டியே ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மாற்றுத் தகடுகளும் கட்டுக்கட்டாகக் காத்திருந்தன. குண்டு விழுந்ததும் ஓடிப்போய்க் குழியை மூடினார்கள். திட்டமிடலின் முழு இலக்கணமும் அந்த லாரிகளில் இருந்தது என்பேன். ஆனால் 1942 அக்டோபர் 13 நள்ளிரவு தாண்டி ஜப்பானியப் போர்க்கப்பல்கள் சுட்டதில் விமான எரிபொருளில் பெரும்பகுதி எரிந்துபோனது. உடைந்த விமானங்களின் தொட்டிகளிலிருந்து பெட்ரோலை வடித்தெடுத்தும், சரக்கு விமானங்களில் பீப்பாய் பீப்பாயாக இறக்கியும்தான் களம் பிழைத்தது.

பனிப்போர்க் காலத்தில், படைப்பிரிவு புறப்படும்போதே தன்னுடன் தூக்கிச் செல்லும் உதிரிபாகப் பெட்டிகள் வழக்கமாயின. 1960களில் 'வெற்றுத் தளம்' என்ற கருத்து உருவானது. ஓடுபாதை, விமானம் நிறுத்த இடம், குடிக்கத் தக்கதாக்கக்கூடிய நீர் ஆகியவை மட்டும் உள்ள இடத்துக்கு மின்னாக்கி முதல் சமையல்கூடம் வரை அனைத்தையும் மடித்துக் கொண்டுபோகும் ஏற்பாடு இது.

1982 ஃபாக்லாந்து போர் இத்துறையில் ஆழ்ந்து படிக்க வேண்டிய நிகழ்வு. பிரிட்டன் அட்லாண்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் தீவை இடைத்தளமாக்கியது. அங்கிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லியின் ஓடுபாதையைத் தாக்கிவிட்டுத் திரும்புவதற்கு 11 விக்டர் எரிபொருள் விமானங்கள் பறந்தன. மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் சரக்குக் கப்பலை எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. அதில் வந்த ஹாரியர் போர் விமானங்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டன. ஆனால் சினூக் ஹெலிகாப்டர்களில் மூன்றும், கரையில் ஹாரியர்களுக்குத் தளம் போட வைத்திருந்த உலோகத் தகடுகளும் அழிந்தன. தப்பியது ஒரே சினூக். துருப்புகள் பெருமளவு நடந்தே ஸ்டான்லியை நோக்கிப் போக நேர்ந்தது. தேவைகளைச் சரியாகக் கணித்திருந்தும் அத்தனையையும் ஒரே கப்பலில் வைத்தது பெரும் பிழை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய சில நாட்களிலேயே அமெரிக்க எஃப்-15 விமானங்கள் சவுதியின் தஹ்ரானில் இறங்கின. ஓமானிலும் தியேகோ கார்சியாவில் நின்ற கப்பல்களிலும் ஏற்கெனவே இருப்பு வைத்த தளவாடங்கள் கைகொடுத்தன. தேவை வந்தால் தனியார் நிறுவனங்களின் விமானங்களை ராணுவத்துக்குத் தரும் பயணிகள் விமான ஒதுக்கீட்டுத் திட்டமும் அப்போதுதான் முதன்முறையாகச் செயலுக்கு வந்தது.

1998-இல் அமெரிக்க வான்படை தன்னை விரைவுப் பயணப் படையாக மாற்றி அமைப்பதாக அறிவித்தது. 48 மணி நேரத்தில் போரைத் தொடங்க முடியுமா என்று ரேண்ட் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டுப் பார்த்தது. குண்டுகள், எரிபொருள் வசதி, தங்குமிடம் போன்ற கனமான பொருள்கள் முன்பே அருகில் இருந்தால் மட்டுமே முடியும் என்று அது கண்டது.

அருகில் குவித்த இருப்பே எதிரியின் ஏவுகணைக்கு இலக்காகும் என்ற கவலையால், கடந்த பத்தாண்டுகளில் சிறு சிறு தளங்களுக்குப் பிரிந்து இயங்கும் முறை வலுப்பெற்றுள்ளது. ஆயுதம் ஏற்றுபவரே எரிபொருளும் நிரப்பப் பழகுகிறார். இழப்பு அபாயம் பிரிந்துபோகும், ஆனால் தேவை பெருகும்: ஒரு தளத்தில் ஒன்றாக இருந்த எரிபொருள் வண்டி, ஐந்து தளமானால் ஐந்தாக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநரும் மெக்கானிக்கும் தனியாக வேண்டும்.