நெடுந்தூர மிதிவண்டிப் பயண ஆயத்தம்: பழனி–கொடைக்கானல் சாலை

பழனியை அடுத்த பாலசமுத்திரம், பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. பாலாறு–பொருந்தலாறு அணை இதன் அருகில்தான். வடக்கே போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமவெளிச் சாலை. தெற்கே எங்கு பார்த்தாலும் மலை. நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கப் பழகுபவருக்கு இரண்டும் ஒரே ஊரில் கிடைப்பது அரிது.

பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் 65 கிலோமீட்டர். ஏறத்தாழ 320 மீட்டர் உயரத்தில் தொடங்கும் சாலை 2,100 மீட்டரைத் தாண்டுகிறது. பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலையோடு சேர்கிறது. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில் 1,200 கிலோமீட்டருக்கு மொத்த ஏற்றம் சுமார் 12,000 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். பழனிச் சாலையிலோ கிலோமீட்டருக்கு 27 மீட்டருக்குக் குறையாது. தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவர் ஏமாறுவது இங்கேதான். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பிரெவே எனப்படும் நேரவரம்புப் பயணங்களுக்குப் பழகுவோரும் மலை வழிக்குத் தனிக் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கியர். ஊர் சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னதில் 18 என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்கு வண்டி ஐந்து மீட்டர் ஓடும். சமவெளிக்குச் சரி, கொண்டை ஊசி வளைவில் முழங்கால் கெஞ்சும். முன்னும் பின்னும் 34 பல் இருந்தால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தொடாது. அவ்வளவு போதும். ஏழெட்டு மணி நேரம் இருக்கையில் உட்காரப் பழகுவதே உண்மையான பயிற்சி. அதற்கு வாரம் ஒருமுறை நீண்ட சவாரி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியபடி.

சாப்பாட்டைப் பசிக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது. ஆளும் வண்டியுமாக 80 கிலோவை 1,800 மீட்டர் தூக்கவே சுமார் 340 கிலோகலோரி வேலை. தசை எரிப்பதில் கால்பங்குதான் மிதிக்கு வருகிறது. ஆகவே செலவு 1,400 பக்கம் போகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டுக்கு அலைய வேண்டாம்: 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழை இந்த மலைக்காரப் பழம்; அதையும் சர்க்கரையையும் கொண்டு செய்யும் பழனி பஞ்சாமிர்தமும் 2019-இல் அக்குறியீட்டைப் பெற்றது. ஒரே குறை, விரல் ஒட்டும். பிறகு கைப்பிடியும் ஒட்டும்.

தண்ணீருக்குச் சொந்த பாட்டில் அவசியம். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர்–டிசம்பரில் மண்சரிவும் மூடுபனியும் இருக்கும். தைப்பூச நாட்களில் பழனியைச் சுற்றிய சாலைகள் பாதயாத்திரைக்காரர்களுக்கு உரியவை. விடியலில் புறப்படுவது நல்லது, ஆனால் இருட்டில் அல்ல: காட்டுமாடுகள் சாலையைக் கடக்கும்.

மேலே ஏறும்போது வெப்பம் சுமார் 12 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் மரத்து, பிரேக் பிடி நழுவும். மழைச்சட்டையும் கையுறையும் இறக்கத்துக்காகவே எடுத்துச் செல்லப்படுகின்றன. ரிம் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி, வளைவில் விட்டுவிட வேண்டும். பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டிய இடம் பழனி, பெருமாள்மலை அல்ல.