பட்டியலில் இல்லாத பிள்ளையார்

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்கள் கள்ளவாரணப் பிள்ளையாரையும் கும்பிட்டுப் போவார்கள். தம்மை மறந்துவிட்ட தேவர்களிடமிருந்து அமுதக் குடத்தை எடுத்து ஒளித்துவைத்தவர் அவர் என்கிறது தலபுராணம். அங்கிருந்து தெற்கே, திருமருகலுக்கு அருகில் உள்ள திருச்செங்காட்டங்குடியிலும் ஒரு பிள்ளையார் உண்டு. அவர் எதையும் எடுத்தவரல்லர். அவரைத்தான் போரில் எடுத்து வந்தார்கள் என்கிறது ஊர். பெயர் வாதாபி கணபதி.

வாதாபி என்பது இன்றைய கர்நாடகத்தின் பாதாமி, சாளுக்கியரின் தலைநகர். அங்கே முதல் குகைக்கோயிலில், பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவனருகே ஒரு பிள்ளையார் இன்றும் இருக்கிறார். 642இல் மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனின் பல்லவப் படை அந்நகரைப் பிடித்தது. பாதாமிப் பாறையில் அவன் கல்வெட்டும் இருக்கிறது.

வாதாபிக்குப் படை நடத்திப் போனவராகப் பெரியபுராணம் காட்டுவது பரஞ்சோதியாரை. செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் பிறந்தவர். மருத்துவமும் வடநூலும் யானை, குதிரை ஏற்றமும் பயின்றவர். வாதாபியைத் துகளாக்கி அவர் கொண்டுவந்தவற்றை அந்நூலைப் பாடிய சேக்கிழார் அடுக்குகிறார்: மணிகள், நிதிக்குவை, யானைகள், குதிரைகள். அதில் பிள்ளையார் இல்லை.

அவருடைய வலிமையை மன்னன் வியந்தபோது, 'இவர் சிவனடியார், இவரை எதிர்த்து யார் நிற்க முடியும்?' என்றார்கள் அமைச்சர்கள். மன்னன் பதறிப்போனான். அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று பொறுத்தருள வேண்டி, பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தான். ஊர் திரும்பியவர் கணபதீச்சரத்து இறைவனைத் தொழுது, திருவெண்காட்டு நங்கையோடு இல்லறம் நடத்தினார். சீராளன் பிறந்தான். அடியாருக்கு அமுது படைக்காமல் தாம் உண்பதில்லை என்பது அவ்வீட்டு முறை. அடியார்முன் பணிந்து நின்றவரைச் சிறுத்தொண்டர் என்றார்கள். சம்பந்தர் தம் பதிகத்திலேயே அவர் பெயரை வைத்துப் பாடினார். பைரவ வேடத்தில் வந்த இறைவன் பிள்ளைக்கறி கேட்டதும், பெற்றவர்கள் தம் மகனையே கறியாக்கிப் படைத்ததும், பிறகு அவர்கள் கூப்பிட்டவுடன் பள்ளியிலிருந்து வருபவன்போலச் சீராளன் ஓடிவந்ததும் சித்திரைப் பரணியில் அமுது படையல் விழாவாக இன்றும் நடக்கின்றன.

தோற்ற நாட்டின் தெய்வச் சிலையையும் வாயிற்காவலர் சிலையையும் தூக்கி வருவது அக்காலத்து வழக்கம்தான். ராஜாதிராஜ சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்திலிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலையின் பீடத்தில் அந்த வெற்றியை எழுதியே வைத்திருக்கிறார்கள். வாதாபி கணபதிக்கு அப்படியொரு சாசனம் கிடையாது. கணபதீச்சரம் என்ற பெயர் மட்டும் சம்பந்தர் காலத்திலேயே அக்கோயிலுக்கு இருந்தது.

சாசனத்தின் இடத்தில் ஒரு பாட்டு வந்தது. திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர் (1835இல் மறைந்தவர்), தம் தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய அம்சத்வனி ராகத்தில் 'வாதாபி கணபதிம்' பாடினார். திருவாரூர்க் கோயிலிலும் ஒரு வாதாபி கணபதி உண்டு. தீட்சிதர் பாடியது அவரைத்தான் என்பார்கள் திருவாரூர்க்காரர்கள். மகா வைத்தியநாத ஐயரின் குரலில் புகழ்பெற்ற கீர்த்தனை, பிறகு கச்சேரியைத் தொடங்கிவைக்கும் உருப்படியாயிற்று. படைத்தலைவர் பரஞ்சோதியாரைக் கல்கி 'சிவகாமியின் சபதம்' நாவலின் வழியே வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்.

கல் எந்தப் பாதையில் வந்தது என்பதைவிட, ஊர் அதை ஏன் பரஞ்சோதியார் கையில் கொடுத்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு நகரையே அழித்த மனிதர், திரும்பிவந்து மனைவியும் மகனுமாக வீட்டு வாசலில் அடியாருக்குக் காத்து நின்றார். அப்படிப்பட்டவர் வாதாபியிலிருந்து வெறும் யானையும் குதிரையும் மட்டுமா ஓட்டி வந்திருப்பார் என்று காவிரிக்கரை மக்கள் நினைத்திருக்க வேண்டும். சேக்கிழார் எழுதிய பட்டியலில் இருந்த எதுவும் இன்று நம்மிடம் இல்லை. அதில் இல்லாத பிள்ளையாருக்குத்தான் விளக்கு எரிகிறது.