மணமுடிக்காத ஒரு தகப்பன்



ஆவுடையார்கோவிலிலிருந்து மணமேல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே பயணம் செய்திருந்தால், மல்லிப்பட்டினத்துக்கு அருகே மனோரா என்னும் உயர்ந்த கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். அதைக் கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கியவர், கண் மருத்துவத்தில் ஈடுபட்டவர் என்று அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் சிறுவயதில் அரண்மனைக்குள்ளேயே பாதுகாப்பின்றித் தவித்த பிள்ளை என்பதையும், அந்தப் பிள்ளைக்குத் தகப்பனாக நின்றவர் மணமுடிக்காத ஒரு குருவானவர் என்பதையும் நம்மில் பலர் அறியோம். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை நம்முடைய அறந்தாங்கி வட்டாரமும் தஞ்சாவூர் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே இது நமக்கு அந்நியமான வரலாறு அன்று.

அந்தக் குருவானவர் கிறிஸ்டியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1726-இல் ஜெர்மனியில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளியிலும் பின்பு தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து, இந்நாட்டிலேயே மரித்தார். அவர் இறுதிவரை மணமுடிக்கவில்லை. ஆயினும் அவருடைய வீட்டில் பிள்ளைகளின் குரல் ஓய்ந்ததில்லை. உடன் ஊழியரான கோலாப் ஐயரின் மகன் ஜான் காஸ்பரை அவர் தம் மகனாகவே வளர்த்தார். அவர் பின்னாளில் குருவாக அபிஷேகம் பெற்றார். 1785-இல் திருநெல்வேலிக்குச் சென்றபோது, தேவசகாயம் என்பவரின் மகனைத் தகப்பனின் சம்மதத்தோடு தஞ்சைக்கு அழைத்து வந்தார். அந்தச் சிறுவனே நம் சபைகள் இன்றும் பாடி மகிழும் வேதநாயக சாஸ்திரியார்.

இவ்விருவரும் அன்போடு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள். சரபோஜியின் நிலை வேறு. 1777-இல் பிறந்த அவரை, வாரிசில்லாத மன்னர் துளஜா 1787-இன் தொடக்கத்தில் தத்தெடுத்தார். அதே ஆண்டில் மன்னர் மரணப்படுக்கையில் விழுந்தார். சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, பிள்ளையை அவர் கையில் ஒப்புவிக்க விரும்பினார். ஐயர் தயங்கினார். அரண்மனைப் பகைகளின் நடுவே ஒரு போதகரால் அந்தப் பிள்ளையைக் காக்க இயலுமா என்று எண்ணி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் பொறுப்பைக் கொடுக்கும்படி ஆலோசனை சொன்னார். அது நியாயமான ஆலோசனையாகவே அன்று தோன்றியது.

நடந்ததோ வேறு. துளஜா மறைந்தபின் தத்து செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புக் கூற, கிழக்கிந்தியக் கம்பெனி அமர்சிங்கையே அரசராக்கியது. பிள்ளை அடைபட்ட வாழ்வு வாழ்ந்தது, கல்வியும் மறுக்கப்பட்டது. தத்தெடுத்த தகப்பன் இல்லை, சிற்றப்பனோ பகைவர். பத்து வயதில் இதைக் கண்ட ஒரு பிள்ளையின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐயர் இப்போது விலகி நிற்கவில்லை. கம்பெனியின் அதிகாரிகளுக்கு முறையிட்டார். பிள்ளையின் பாதுகாவலர் என்னும் பொறுப்பையும் ஏற்றார். தஞ்சையில் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று தெளிவானபோது, 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே ஐயர் அவருக்குக் கல்வி புகட்டினார். சுவார்ட்ஸ் ஐயரோ தத்தின் நியாயத்தை நிலைநாட்டத் தொடர்ந்து எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. முதலில் ஏற்கத் தயங்கிய பொறுப்பை ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் சுமந்தார்.

அதன் பலனை அவர் காணவில்லை. 1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் உயிர்நீத்தார். பெட்டி மூடப்படுமுன் அவர் முகத்தைக் காண வந்த சரபோஜி கண்ணீர் சிந்தினார். கல்லறைவரை உடன் சென்றார். அவர் அரியணை ஏறியது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். கம்பெனிக்கும் இதில் தன் ஆதாயம் இருந்தது. அடுத்த ஆண்டே ஆட்சிப் பொறுப்பை அது தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் ஐயருக்கு இதில் பெற எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. தம் முன்னோரின் வழியிலேயே வாழ்ந்தார். 1803-இல் தம் குலவரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் பொறிக்கச் செய்தார். அவரே, தம்மை வளர்த்த போதகருக்காக இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைப் பூங்கா அருகேயுள்ள ஆலயத்தில் இன்றும் அதைக் காணலாம். மரணப்படுக்கையில் இருக்கும் முதியவரின் கையை இளம் மன்னர் பற்றியிருக்கிறார். தன் சமயத்தை ஏற்றால்தான் மகன் என்று அந்தத் தகப்பன் நிபந்தனை விதித்திருந்தால், அந்தக் கை அப்படிப் பற்றியிருக்குமா?

வேதத்தில் மொர்தெகாய், தாய் தகப்பனை இழந்த எஸ்தரைத் தன் மகளாக வளர்த்தார். அவள் அரண்மனைக்குள் சென்ற பின்பும், அவள் நலம் அறிய நாள்தோறும் முற்றத்தின் முன்னே உலாவினார். வளர்ந்த பிள்ளையை ஏற்பவரின் பணி இதுவே. கைக்குழந்தை நம் மடியை மட்டுமே அறியும். பத்து வயதுப் பிள்ளையோ தன் இழப்புகளோடும் அச்சத்தோடும் வருகிறது. நம்மையும் சந்தேகிக்கும், கோபிக்கும், இவரும் நம்மை விட்டுவிடுவாரா என்று சோதித்துப் பார்க்கும். அதற்கு வார்த்தையால் பதில் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்காக உடனிருப்பதே பதில்.

நம் நாட்டின் சட்டமும் இன்று மணமாகாத ஆணுக்கு இந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அவர் ஆண் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். பெண் பிள்ளையைத் தத்தெடுக்க அனுமதியில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஏற்க, தனியாக வாழ்பவர் 55 வயதுவரை மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தில் பதிவு செய்யலாம். கேட்போர் பலரும் கைக்குழந்தையையே கேட்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

நம் சபையில் மணமின்றி வாழும் சகோதரர்களைப் பார்த்து, "உங்களுக்குக் குடும்பம் இல்லையே" என்று இரங்குவதை நிறுத்துவோம். அவர்களில் ஒருவர் நாளை ஒரு பிள்ளையோடு ஆலயத்துக்குள் வரக்கூடும். அந்தப் பிள்ளை அமைதியாக உட்காராமல் இருக்கலாம். நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலும் இருக்கலாம். அன்று முகம் சுளிக்காமல், நம் இருக்கையில் சற்று நகர்ந்து அவர்கள் இருவருக்கும் இடம் கொடுப்போமாக. திக்கற்றோருக்குத் தகப்பனாகிய தேவன் அதற்கேற்ற இருதயத்தை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.