சேற்றில் எழுதிய சரித்திரம்

மன்னர் வரலாற்றைக் கல்லிலும் செப்பேட்டிலும் தேடுகிறோம். நீரின் வரலாற்றை எங்கே தேடுவது? சேற்றிலே தேடலாம் என்கிறது விஞ்ஞானம். அதனை அங்கே பதித்து வைக்கும் எழுத்தர்களுள் ஒன்று, நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர்.

இறால், நண்டு ஆகியவற்றின் உறவாகிய இது பெரும்பாலும் எள்ளளவே இருக்கும். கொழும்பு நூதனசாலைத் தலைவராயிருந்த ஹேலி இலங்கை நீர்நிலைகளில் இத்தகைய உயிர்களைச் சேகரித்தார். ஆங்கிலேயரான பிரேடி 1886இல் அவற்றை விவரித்து எழுதினார். 1898இல் ஹங்கேரி நாட்டு டாடாய் மேலும் பலவற்றைப் பதிவு செய்தார்.

இடர் நேர்ந்தால் இச்சிற்றுயிர் என்ன செய்யும்? நீரில் பிராணவாயு குறைந்தால் இதன் உடல் சிவக்கிறது. நம் குருதியிலுள்ளது போன்ற செந்நிறப் பொருளை மிகுதியாக ஆக்கி, இருக்கும் சிறிதளவு வாயுவையும் பற்றிக்கொள்கிறது. நல்ல நீர் வந்ததும் வெளிறுகிறது. இதனை 1940களில் இங்கிலாந்தில் மன்றோ பொக்ஸ் சோதனைகளால் விளக்கினார். உணவு அருகி நெருக்கம் மிகுந்தாலோ வேறோர் உபாயம். வளமான காலத்தில் ஆண் துணையின்றியே பெண்கள் பெண்களை ஈனும். இடர்க்காலத்தில் ஆண்கள் தோன்றுகின்றன. அப்போது உண்டாகும் முட்டைகள் சேணம் போன்ற உறைக்குள் அடைபட்டுச் சேற்றில் உறங்குகின்றன. வறட்சியையும் தாங்கிக் கிடந்து, நீர் வந்ததும் பொரிக்கின்றன.

நோர்வே அறிஞர் சார்ஸ், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த காய்ந்த சேற்றில் நீர் வார்த்து உயிர்களை எழுப்பிய செய்தியை 1885இல் வெளியிட்டார். 1999இல் வெளியான ஆய்வு அதனினும் வியப்பானது. ஐரோப்பாவின் கொன்ஸ்டன்ஸ் ஏரி, மாசு மிகுந்து நச்சுப் பாசி பெருகிய காலத்தைக் கண்டது. அவ்வேரியின் பழைய சேற்றிலிருந்த முட்டைகளை ஆய்வாளர் பொரிக்கச் செய்தனர். பாசி பெருகுமுன் இடப்பட்டவற்றின் வழிவந்தவை நச்சுப் பாசி கலந்த உணவால் வளர்ச்சி குன்றின. பின்னர் இடப்பட்டவற்றின் வழிவந்தவை அதனைப் பெரிதும் தாங்கின. சேறு சாட்சி சொன்னது!

இச்செய்தி நம் மலைநாட்டுக்கும் உரியது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவை அண்டிக் கூடிக் களனி கங்கையாகின்றன. 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுசாக்கலையும் அவற்றைத் தேக்கின. 1969இலேயே பொல்பிட்டிய மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. ஓடிய நீர் நின்ற நீராயிற்று. நின்ற நீரே மிதந்து வாழும் சிற்றுயிர்களுக்கு வீடு.

நீர் தாழுங்கால், மூழ்கிய கோயில் வெளிப்படுவதைக் காணப் பலர் கூடுகின்றனர். அதனைச் சூழ்ந்து வெடித்துக் கிடக்கும் சேற்றை நோக்குவார் சிலரே. தோட்டத்தில் இட்ட உரமும் களைகொல்லியும், குடியிருப்புகளின் கழிவும் மழையோடு ஓடையில் இறங்கினால், அக்கணக்கு அச்சேற்றில் ஏறும். களனியின் நீரைக் கொழும்பு மாநகரும் அருந்துகிறது. ஆகவே இக்கணக்கு மலையில் வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று. செப்பேட்டைக் காப்பதுபோலச் சேற்றுப் படிவையும் எடுத்துக் காப்போமாயின், நாம் நீரை எவ்வாறு பேணினோம் என்பதை நமக்குப் பின்வருவோர் படித்தறிவர்.