விபத்து இழப்பீடு: கையெழுத்துப் போடும் முன் கணக்கைத் தெரிந்துகொள்வோம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையை மேல்சித்தாமூர் போன்ற சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பலர் கடைக்கும், கூலி வேலைக்கும், கல்லூரிக்கும் தினமும் நம்பியிருக்கிறார்கள். அப்படிச் செல்லும் ஒருவர் மீது கார் மோதிவிட்டால், குடும்பம் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கும் ஜிப்மருக்கும் அலைந்துகொண்டிருக்கும்போதே இரண்டு வகையானவர்கள் தேடி வருவார்கள். ஒருவர், “ஐம்பதாயிரம் தருகிறோம், கேஸ் வேண்டாம்” என்பார். இன்னொருவர், “இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், பல லட்சம் வாங்கித் தருகிறேன்” என்பார். இருவருமே கணக்கைச் சொல்வதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கேட்பது தவறா?

“எல்லாம் தக்தீர், காசு கேட்பது சரியா?” என்று தயங்குபவர்கள் நம்மில் உண்டு. விதியை ஏற்பது ஈமானின் பகுதி. ஆனால், பாதிக்கப்பட்டவரின் ஹக்கை விதியின் பெயரால் தள்ளுபடி செய்ய மார்க்கம் சொல்லவில்லை. தவறுதலாக நிகழ்ந்த கொலைக்குக்கூட ‘தியத்’ எனும் இழப்பீட்டைக் குர்ஆன் (4:92) கடமையாக்கியது. குடும்பத்தார் தாமாக மன்னித்து விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். உறுப்பு இழப்புக்கு ‘அர்ஷ்’ என்ற தனி இழப்பீட்டையும், அளவு நிர்ணயிக்கப்படாத காயங்களுக்கு நீதமான மதிப்பீட்டையும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. எனவே உடலுக்கு நேர்ந்த இழப்பை மதிப்பிடுவது நமக்குப் புதிதல்ல.

அதே வேளையில், வண்டியில் வராதவரை வந்ததாகக் காட்டுவதும், இல்லாத சம்பளத்துக்குச் சான்றிதழ் வாங்குவதும் பொய் சாட்சி. அப்படி வரும் பணம் ஹராம் என்பதில் சந்தேகமில்லை.

தொகையில் எவையெல்லாம் அடங்கும்?

நம் நாட்டில் இதற்கான சட்டம், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். மனுக்களை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். காயமடைந்தவருக்கு எந்தெந்தத் தலைப்புகளில் தொகை தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் தெளிவாக வகுத்தது:

• மருத்துவம், போக்குவரத்து, சத்துணவுச் செலவுகள்
• சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம்
• நிரந்தர ஊனத்தால் எதிர்காலத்தில் இழக்கும் வருமானம்
• இனி ஆகக்கூடிய மருத்துவச் செலவு
• வலி, வேதனை, மன உளைச்சல்
• வாழ்க்கையின் இயல்பான வசதிகளை இழத்தல்

எலும்பு முறிந்து முழுதாகக் குணமானவருக்கு முதல் இரண்டும், வலி வேதனைக்கான தொகையுமே பெரும்பாலும் கிடைக்கும். ஊனம் நிலைத்துவிட்டவர்களுக்குத்தான் மூன்றாவது தலைப்பு பெருந்தொகையாகிறது. கட்டணமின்றி அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெற்றிருந்தால், கட்டாத பில்லைக் கேட்க முடியாது. மற்ற தலைப்புகள் அப்படியே நிற்கும்.

எதிர்கால வருமான இழப்புக் கணக்கு

இதற்கு நான்கு எண்கள் போதும்: மாத வருமானம், எதிர்கால உயர்வு, வயதுக்கான பெருக்கு எண், வேலைத்திறன் இழப்பின் சதவீதம்.

பெருக்கு எண்ணை 2009-இல் சரளா வர்மா வழக்கு நிர்ணயித்தது. 15 முதல் 25 வயது வரை 18, 26–30-க்கு 17, 31–35-க்கு 16, 36–40-க்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5.

எதிர்கால உயர்வை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கு வரையறுத்தது. சுயதொழில் செய்பவர் அல்லது நிரந்தரமற்ற வேலையில் இருப்பவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் வருமானத்துடன் 40 சதவீதம், 40–50 என்றால் 25, 50–60 என்றால் 10 சதவீதம் சேர்க்க வேண்டும். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இதே வரிசையில் 50, 30, 15 சதவீதம்.

ஓர் உதாரணக் கணக்கு. மேல்சித்தாமூரில் வசிக்கும் 35 வயதுத் தச்சர் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அதை 16-ஆல் பெருக்கினால் 40,32,000. வேலைத்திறன் இழப்பு 50 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், இந்தத் தலைப்பில் மட்டும் 20,16,000 ரூபாய். இறப்பு வழக்கில் கழிப்பதுபோல் சொந்தச் செலவுக்கென்று இதில் எதையும் கழிக்கக்கூடாது.

எந்தச் சதவீதம்?

பலர் தவறுவது இங்கேதான். மருத்துவக் குழு தரும் ஊனச் சதவீதம் உடலைப் பற்றியது. தீர்ப்பாயம் பார்ப்பது, அந்த ஊனம் இவருடைய தொழிலை எவ்வளவு பாதித்தது என்பதை. ராஜ்குமார் தீர்ப்பே இதற்கு விளக்கம் தருகிறது: ஒரு கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் அவருடைய சம்பாத்தியம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது எனலாம், அவரே அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமலும் இருக்கலாம். ஊனம் ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல.

நம் உதாரணத்தில் அதே வயது, அதே வருமானத்தில் கல்லாவில் அமர்ந்து வியாபாரம் செய்பவருக்கு வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று முடிவானால் தொகை 8,06,400. ஆகவே, “இன்னாருக்கு இவ்வளவு கிடைத்தது, நமக்கும் கிடைக்கும்” என்று பக்கத்து வீட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வருமானச் சான்றும் இதே அளவு முக்கியம். மேற்படி தச்சருக்கு ஆதாரம் இல்லாமல் தீர்ப்பாயம் 10,000 என்று ஊகித்தால், 20,16,000 என்பது 13,44,000 ஆகிவிடும். வங்கிக் கணக்கு, ஜிபே வரவுகள், வேலை கொடுத்தவர்களின் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்களும் குழந்தைகளும்

“வீட்டில் சும்மா இருப்பவர்தானே” என்று குடும்பத்தலைவிகளின் பாதிப்பைக் குறைத்து மதிப்பிடுவதைச் சட்டம் ஏற்பதில்லை. அவர்களின் உழைப்புக்கும் வருமானம் கணக்கிட்டு, எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் உறுதி செய்தது.

2007-இல் விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு முழு ஊனமடைந்த 12 வயதுச் சிறுமி ஒருவரின் வழக்கில், தீர்ப்பாயம் கொடுத்தது சுமார் 11 லட்சம். உயர் நீதிமன்றம் அதைச் சுமார் 25 லட்சமாக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் வழங்கியது. வாழ்நாள் முழுவதும் உடனிருந்து கவனிக்கும் இரண்டு பேருக்கான செலவையும் பெருக்கு எண் கொண்டு கணக்கிட்டதே உயர்வுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

தொகையைக் குறைப்பவை

நம் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று முடிவானால் அந்த அளவுக்குக் கழிப்பார்கள். முதல் தகவல் அறிக்கை யார் மீது, எப்படி எழுதப்பட்டது என்பது இதில் முக்கியம். மோதிய வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால், காயத்துக்கும் மரணத்துக்கும் உச்சவரம்பு இல்லை. காப்பீடு இல்லாவிட்டால் உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க வேண்டும். தீர்ப்பு கிடைத்தாலும் பணம் கைக்கு வருவது கடினம்.

நம் சொந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், நம் தவறால் நேரும் விபத்தில் பின்னால் அமர்ந்த மனைவிக்கோ காரில் உடன் வந்த குடும்பத்தாருக்கோ அதில் பாதுகாப்பு இல்லை. பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

சமரசம் பேச வந்தால்

காப்பீட்டு நிறுவனம் சமரசத் தொகை கூறுவதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிக்கலாம். விரைவாக முடியும், மேல்முறையீட்டு அலைச்சல் இல்லை. ஆனால் முடித்தது முடிந்ததுதான். பிறகு கம்பியை எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை என்றாலும் திரும்பக் கேட்க முடியாது. ஆகவே சிகிச்சை ஒரு நிலைக்கு வந்து, மருத்துவக் குழுவின் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் தொகையும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் அது மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் கூடுதல் இழப்பீடு கோரும் மனு காலாவதியாகிவிடும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், தனித் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

செய்ய வேண்டியவை

1. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள்.
2. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள்.
3. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்துவிடுங்கள். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம்.
4. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்குத் தடை செய்யப்பட்ட ஒன்று.
5. பெண்களும் குறைந்த வருமானம் உள்ளவர்களும் சட்டப் பணிகள் குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். தொலைபேசி எண் 15100.
6. தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

மஹல்லா ஜமாஅத்துகள் இந்த ஆறையும் ஒரு தாளில் அச்சிட்டுப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டிவைத்தால், விபத்து நடந்த பதற்றத்தில் ஒரு குடும்பம் ஐம்பதாயிரத்துக்குத் தன் ஹக்கை விட்டுக்கொடுக்காமல் தடுக்கலாம். அல்லாஹ் நம் அனைவரையும் திடீர் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக.