டிஜிட்டல் கேமரா வகைகள் பிரிந்த வரலாறு

டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ், காம்பாக்ட் எனக் கடைகளில் பிரித்து அடுக்கப்படும் டிஜிட்டல் கேமரா வகைகள் எவரும் முன்கூட்டித் திட்டமிட்டு வகுத்தவை அல்ல. படச்சுருள் காலக் கேமராவின் உடலமைப்பும் சிலிக்கான் சில்லின் விலையும் இழுத்த திசைகளில் அவை ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிரித்த காரணங்கள் பல மறைந்த பின்னும் பெயர்களும் அளவுகளும் நீடிப்பதுதான் வாங்குவோரின் குழப்பத்துக்கு வேர்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வடிவமைத்த சி.சி.டி. என்னும் சில்லு, தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வரிசை வரிசையாக வெளியே கடத்த வல்லது என்பதால், படச்சுருள் இல்லாத கேமராவுக்கு வழி திறந்தது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லைக் கொண்டு அமைத்த கருவி, 10,000 படப்புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது.

விற்பனைக்கு வந்த காலத்தில் இத்தொழில்நுட்பம் இரு கிளைகளாயிற்று. 1991-இல் கோடாக் வெளியிட்ட டி.சி.எஸ்., நிக்கான் எஃப்3 என்னும் படச்சுருள் கேமராவின் உடலிலேயே 1.3 மெகாபிக்சல், அதாவது 13 இலட்சம் படப்புள்ளி கொண்ட சென்சாரை (ஒளியுணர் சில்லை)ப் பொருத்தியது. செய்தி நிழற்படக்காரர்கள் ஏற்கெனவே வைத்திருந்த லென்ஸ்களைக் கைவிடாமல் இருக்க அதுவே வழி. அந்த உடலோடு சாய்வான கண்ணாடியும் உடன் வந்தது. லென்ஸ் வழி வரும் ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டிவிட்டு, படம் எடுக்கும் கணத்தில் மடங்கி விலகும் இக்கண்ணாடி, தான் காண்பதை உடனே காட்ட இயலாத படச்சுருளுக்குத் தேவைப்பட்டது. சென்சாருக்குக் கொள்கையளவில் அது தேவையே இல்லை. மாறாக, 1995-இல் வந்த கேசியோ க்யூ.வி.-10, சென்சார் காண்பதைப் பின்புறத் திரையில் நேரடியாகக் காட்டியது. விளையாட்டுப் பொருள் போலக் கருதத்தக்க அந்த எளிய கருவியில்தான் இன்றைய கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) கேமராவின் அடிப்படை இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

சென்சார் அளவுகள் பெருகியதற்குக் காரணம் விலை. சில்லின் பரப்பு கூடக்கூட ஒரு சிலிக்கான் தகட்டிலிருந்து கிடைக்கும் சில்லுகள் குறைவதோடு, குறையுள்ளவை எனக் கழிபவையும் மிகும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் 36 × 24 மி.மீ. அளவு, திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய லைக்கா கேமரா 1925 முதல் பரப்பியது. அந்த அளவில் சென்சார் செய்வது நெடுங்காலம் கட்டுப்படியாகாததால், நிக்கான் டி1 (1999) முதலிய கேமராக்கள் ஏறத்தாழ 24 × 16 மி.மீ. அளவை ஏற்றன. ஏ.பி.எஸ்.-சி எனப்படும் இவ்வளவின் பெயர், 1996-இல் அறிமுகமாகி விரைவில் மறைந்த ஒரு படச்சுருள் முறையிலிருந்து எஞ்சியது. சென்சாரின் அளவு சுருங்கியதால் 50 மி.மீ. லென்ஸ் இதில், ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தையே தருகிறது. மலிவான காம்பாக்ட் கேமராக்களின் சென்சாரோ ஃபுல் ஃபிரேமின் பரப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்ட மெகாபிக்சல் எண்ணிக்கை இந்த வேறுபாட்டை மறைத்துவிட, மங்கிய வெளிச்சத்தில் படத்தின் தெளிவைப் பெரிதும் தீர்மானிக்கும் பரப்பளவை வாங்குவோர் பலர் கேட்டதேயில்லை.

2008-இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியை நீக்கி, லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாகக் குறைத்தது. சோனி 2013-இல் ஏ7 வரிசையால் ஃபுல் ஃபிரேமிலும் அதைச் சாதித்தது. தங்கள் பழைய லென்ஸ் வரிசைகளுக்குக் கட்டுப்பட்டிருந்த கேனானும் நிக்கானும் அந்த அளவில் பின்தொடர 2018 வரை ஆயிற்று. இதற்கிடையே காம்பாக்ட் கேமராவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கத்தின் கணக்கில் ஆலைகளிலிருந்து அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010-இல் 12 கோடியைத் தாண்டியிருந்தது; 2023-இல் அது 80 இலட்சத்தையும் எட்டவில்லை. பிழைத்த காம்பாக்ட்கள் பெரும்பாலும் ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 போலப் பெரிய சென்சாரும் உயர்ந்த விலையும் கொண்டவை. கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். வகையில் கேனானும் நிக்கானும் 2020-க்குப் பின் முதன்மை மாதிரி எதையும் வெளியிடாதிருக்க, ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். கேமராவை 1952-இல் செய்த ஆசாஹி நிறுவனத்தின் வழிவந்த பென்டாக்ஸ் மட்டும் 2021-இலும் கே-3 மார்க் 3 என்னும் புதிய டி.எஸ்.எல்.ஆரை வெளியிட்டது.